நம் சங்கத்து இணையதளமும் திறந்து கிடந்த கதவும்

பொங்கல் விருந்துக்குக் கூப்பன் பதிவு செய்யும்போதும், சங்க நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கும்போதும் நம் உறுப்பினர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சார், இதெல்லாம் எங்கே இருக்கு?" என்பதுதான் அது. சங்கத்து அலுவலக அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. மும்பையில் ஒரு டேட்டா சென்டரில், நாம் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு சர்வரில் இருக்கிறது. சர்வர் என்றாலும் அது முழுக் கம்ப்யூட்டர் அல்ல. பெரிய இயந்திரம் ஒன்றை மென்பொருளால் பல பங்குகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள், அதில் நமக்கு ஒரு பங்கு. ஒரே சொசைட்டிக் கட்டடத்தில் நமக்கு ஒரு ஃபிளாட் இருப்பது போல.

பக்கத்து ஊர்த் தமிழ்ச் சங்கத்தார் இரண்டு பேர் தங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று விசாரித்ததால், எப்படி வைத்தோம், எப்படி நடத்துகிறோம் என்று எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். எழுத உட்கார்ந்தால், 2018-ல் நான் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பயன் இல்லை.

மென்பொருளை எழுதியது நானல்ல. வேலை நிமித்தம் இந்த ஊருக்கு வந்திருந்த நம் இளைஞர்கள் இருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து மாடியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். உறுப்பினர் பட்டியல், நூலகம், விழாக் கூப்பன், வரன் பதிவேடு என்று நான்கு பகுதிகள். முடித்த கையோடு ஒருவருக்கு ஹைதராபாத்துக்கும் மற்றவருக்கு பெங்களூருக்கும் மாற்றல் வந்துவிட்டது. அலுவலகத்தில் கம்ப்யூட்டரோடு புழங்கியவன் என்ற ஒரே தகுதியில் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் வருடக் கட்டணத்துக்குக் கிடைக்கும் சாதாரண ஹோஸ்டிங் ஒன்றை வாங்கினோம். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான வாடகைதாரர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் 'பப்ளிக்' என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர். அதில் வைப்பதையெல்லாம் உலகம் பார்க்கலாம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. நான் அதைப் படித்தேனே தவிர யோசிக்கவில்லை.

இந்த மாதிரி மென்பொருளில் இரண்டு வகை ஃபைல்கள் உண்டு. வருகிறவர்கள் பார்க்க வேண்டியவை ஒரு வகை: படங்கள், பக்கத்தின் அலங்காரம், உள்ளே நுழைவதற்கான ஒரே ஒரு நுழைவு ஃபைல். பார்க்கவே கூடாதவை இன்னொரு வகை: நிரல்கள், டேட்டாபேஸின் பாஸ்வேர்டு எழுதியிருக்கும் ஃபைல், உறுப்பினர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள். நம் இளைஞர்கள் லாராவெல் என்ற பி.ஹெச்.பி. சட்டகத்தில் எழுதியிருந்தார்கள். அதில் முதல் வகைக்கென்று தனி ஃபோல்டரே இருக்கிறது. சர்வருக்கு அதை மட்டும் காட்டினால் போதும். எனக்கோ அப்படிக் காட்டத் தெரியவில்லை. மொத்தத்தையும் தூக்கி வந்து பப்ளிக் ஃபோல்டரில் கொட்டி, நுழைவு ஃபைலை ஒரு படி வெளியே நகர்த்தி வைத்தேன். தளம் வேலை செய்தது. வேலை செய்ததுதான் வினையே. அரிசிப் பானையையும் நகைப் பெட்டியையும் வாசல் திண்ணையில் பரப்பிவிட்டு, வீடு எவ்வளவு காற்றோட்டமாக இருக்கிறது பார் என்று மகிழ்ந்தவன் கதைதான்.

இதோடு இன்னொரு சோம்பேறித்தனம். விழாப் புகைப்படங்களுக்குத் தனிப் பக்கம் அமைக்காமல், 'எல்லாப் படங்களும்' என்று முகப்பில் ஒரு இணைப்புக் கொடுத்து, அது நேராக அந்தப் பட ஃபோல்டருக்கே போகும்படி செய்திருந்தேன். ஃபோல்டரில் முகப்புப் பக்கம் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்களை வரிசையாகப் பட்டியலிட்டுக் காட்டும் பழக்கம் அந்த சர்வருக்கு இருந்தது. இது அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் ஒரு வசதி. வேண்டாமென்றால் ஒரு வரியில் நிறுத்திவிடலாம். நான் அதைப் படக்காட்சியாகப் பயன்படுத்திக்கொண்டேன். பிறகு ஒரு நாள், வரன் பதிவேட்டை எக்செல் ஃபைலாக எடுத்துக் குழுவினருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வேறு இடம் தோன்றாமல் அந்தப் பட ஃபோல்டரிலேயே வைத்து, இணைப்பை அனுப்பினேன். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் மறந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, 2019 பிப்ரவரியில், ஒரு காலை வேளை. சங்கத்தின் மூத்த உறுப்பினரான ஓர் அம்மா போனில் வந்தார்.

"தம்பி, என் பொண்ணு பேரை கூகிள்ல போட்டா அவளோட நட்சத்திரம், பிறந்த நேரம், வீட்டு விலாசம், என் போன் நம்பர் எல்லாம் வருதே. சங்கத்துலேருந்துதான் வருதுன்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்றான்."

"அப்படி இருக்காதேம்மா."

"இருக்காதுன்னு சொல்லாதீங்க தம்பி. பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். 63 குடும்பங்களின் விவரம். முகப்பில் நான் கொடுத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு தேடுபொறி ஃபோல்டருக்குள் வந்திருக்கிறது. பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டு போயிருக்கிறது. அது திருடவில்லை. திறந்திருந்த வீட்டுக்குள் வந்தது, அவ்வளவுதான். அதே மூச்சில் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்த ஃபைலையும் முகவரி தெரிந்த எவரும் பிரவுசரில் திறக்கலாம்.

எக்செல் ஃபைலை நீக்கினேன், ஃபோல்டர் பட்டியலை நிறுத்தினேன், பாஸ்வேர்டை மாற்றினேன். ஃபைலை நீக்கினால் மட்டும் தேடுபொறியின் நினைவிலிருந்து போய்விடாது. தளத்தின் சொந்தக்காரர் என்று நிரூபித்து, நீக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். பிறகு சர்வரின் வருகைப் பதிவைப் பார்த்தேன். யார் எந்த ஃபைலை எப்போது கேட்டார்கள் என்று சர்வர் ஒவ்வொரு வரியாக எழுதி வைக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது கடைசி 30 நாள் பதிவு மட்டுமே. அதில் அந்த ஃபைல் 14 முறை எடுக்கப்பட்டிருந்தது. தேடுபொறிகள், நான், செயலாளர் என்று கழித்துவிட்டால் 7 மிச்சம். அந்த 7 யார் என்று இன்றுவரை தெரியாது.

அன்று மாலை குழு கூடியது. நீக்கியாகிவிட்டது, இனி ஏன் ஊரைக் கூட்ட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சங்கத்தின் பெயர் கெடுமே என்ற கவலைதான். பொருளாளர்தான் கேட்டார்: "நம்ம வீட்டுப் பொண்ணு விவரம் அதுல இருந்தா நாம தெரிஞ்சுக்க விரும்புவோமா, மாட்டோமா?" மறுநாள் 63 வீடுகளுக்கும் நானே போன் செய்தேன். முழுக்க இரண்டு நாளாயிற்று. திட்டியவர்களைவிட, ஒன்றும் பேசாமல் போனை வைத்தவர்கள்தான் மனத்தில் நிற்கிறார்கள். 11 குடும்பத்தார் வரன் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டோம். 2023-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படி விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அப்போது அப்படி ஒரு சட்டம் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஹைதராபாத்துக்குப் போன இளைஞர் இரவு ஒன்பது மணிக்குமேல் போனில் பாடம் நடத்தினார். இப்போதுள்ள ஏற்பாடு அதிலிருந்து வந்தது.

நீங்கள் நம் தளத்தின் பெயரை அடித்ததும், முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரி தேடப்படுகிறது. டெலிபோன் டைரக்டரி போன்ற ஏற்பாடு; டி.என்.எஸ். என்பார்கள். எண் கிடைத்ததும் உங்கள் பிரவுசர் அந்த சர்வரின் 443-ம் எண் கதவைத் தட்டுகிறது. ஒரு சர்வருக்கு 65,000-க்கும் மேல் இப்படிக் கதவுகள் உண்டு. போர்ட் என்று பெயர். 80 சாதாரணப் போக்குவரத்துக்கு, 443 பூட்டிய போக்குவரத்துக்கு, 22 நிர்வாகிக்கு. நம் சர்வரில் இந்த மூன்றைத் தவிர மற்றவற்றை ஃபயர்வால் அடைத்திருக்கிறது. முக்கியமாக, டேட்டாபேஸின் 3306-ம் கதவு வெளியே தெரியவே கூடாது. டேட்டாபேஸோடு பேச வேண்டியது அதே சர்வரில் இருக்கும் நம் மென்பொருள் மட்டுமே.

22-ம் கதவுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. சாவி ஃபைல் வைத்திருப்பவர் மட்டுமே நுழையலாம். புது சர்வரை வாங்கி, காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து பதிவைப் பார்த்தால், அதற்குள் எங்கெங்கோ இருந்து யார் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்த்த வரிகள் இருக்கின்றன. நம் சங்கத்தின் மேல் யாருக்கும் விரோதம் இல்லை. தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும் நிரல்கள் அவை.

443-ல் வாட்ச்மேன்போல் நிற்பது என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள். ரஷ்யரான இகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்டார். படம் கேட்டால் தானே எடுத்துக் கொடுக்கும். கூப்பன் பதிவு போன்ற வேலை என்றால் உள்ளே இருக்கும் பி.ஹெச்.பி.-யிடம் அனுப்பி, பதிலை வாங்கித் தரும். அதன் அமைப்பு ஃபைலில் 'ரூட்' என்று ஒரு வரி இருக்கிறது. எந்த ஃபோல்டருக்குள் நீ பார்க்கலாம் என்று வாட்ச்மேனுக்குச் சொல்லும் வரி. நான் 2018-ல் கோட்டைவிட்டது அந்த விஷயத்தில்தான். இப்போது அது உள்ளே இருக்கும் அந்தச் சின்ன ஃபோல்டரை மட்டும் காட்டுகிறது. பாஸ்வேர்டு ஃபைல் அதற்கு மேலே, அதன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. உறுப்பினர்கள் அனுப்பும் ஜாதகமும் அங்கேதான். உள்நுழைந்த உறுப்பினர் கேட்டால் நம் மென்பொருள் அவர் யாரென்று பார்த்துவிட்டு எடுத்துக் கொடுக்கும்.

ஃபைல் அனுமதி பற்றி ஒரு வார்த்தை. ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் 777 என்று அனுமதி கொடுத்துவிடு என்று எவராவது யோசனை சொல்லுவார்கள். யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம், யாரும் இயக்கலாம் என்று அர்த்தம். உடனே வேலை செய்யும். செய்யாதீர்கள். சர்வர் மென்பொருள் எழுத வேண்டிய இடங்கள் ஓரிரண்டுதான்; அவற்றுக்கு மட்டும் அதனை உரிமையாளராக்கினால் போதும்.

பாதுகாப்பில் அதிகம் ஆர்வம் காட்டியும் ஒருமுறை அவமானப்பட்டேன். 443-ல் வரும் பூட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து அதை இலவசமாகத் தருகிறது. நாம் வாங்கியது 90 நாள் செல்லும். புதுப்பிக்கும் வேலையை சர்வரே செய்துகொள்ளும். ஆனால் நாம் தேர்ந்தெடுத்த முறையில், சர்வர் நம்முடையதுதானா என்று அவர்கள் 80-ம் கதவு வழியாக வந்து சோதிப்பார்கள். நானோ, பூட்டிய கதவு இருக்க பூட்டாத கதவு எதற்கு என்று 80-ஐ அடைத்துவிட்டேன். புதுப்பிப்பு தோற்றுக்கொண்டே இருந்தது. 90-ம் நாள், சித்திரைத் திருநாள் அழைப்பிதழ் போன மறுநாள், 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று எல்லோருக்கும் சிவப்புத் திரை. அவர்கள் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள் நான் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தன. 2025 ஜூனிலிருந்து அந்தக் கடிதமும் வருவதில்லை. இப்போது காலண்டரில் நாமே குறித்துக்கொள்கிறோம்.

அடுத்தது பொங்கல் கூப்பன். காலை 10 மணிக்குப் பதிவு தொடங்கும் என்று அறிவித்தோம். 10 மணி 2 நிமிடத்துக்கு '502' என்ற எண்ணோடு வெள்ளைத் திரை. இந்த எண் வந்தால் வாட்ச்மேன் நலமாக இருக்கிறார், உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை என்று பொருள். நம் சர்வரில் அப்போது நினைவகம் 1 ஜி.பி. பி.ஹெச்.பி. ஒரு ஆளுக்குப் பரிமாற சுமார் 50 எம்.பி. எடுத்துக்கொண்டது. டேட்டாபேஸுக்கு 400, மற்றவற்றுக்கு 150 என்று கழித்தால் ஒரே நேரத்தில் 9 பேருக்குத்தான் பரிமாறலாம். நான் தாராள மனத்தோடு 50 என்று அமைத்திருந்தேன். நினைவகம் நிரம்பியதும் லினக்ஸ் எதையாவது கொன்று தன்னைக் காத்துக்கொள்ளும். பெரும்பாலும் பெரிதாக உட்கார்ந்திருப்பதைக் கொல்லும். டேட்டாபேஸைக் கொன்றது. இப்போது நினைவகத்தை 2 ஜி.பி. ஆக்கி, பரிமாறுகிறவர்களின் எண்ணிக்கையை 20 என்று வைத்திருக்கிறேன். 21-வது ஆள் இரண்டு விநாடி காத்திருக்கிறார், அவ்வளவுதான். சங்கத்துப் பந்தியில் அதைவிட அதிகம் காத்திருக்கிறோம்.

சில்லறைத் தொல்லைகள் இன்னும் உண்டு. சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். நள்ளிரவில் மூட வேண்டிய பதிவு விடியற்காலை 5.30 வரை திறந்திருந்தது, மூன்று குடும்பங்கள் அதில் இடம்பிடித்துவிட்டன. குழந்தைகளின் ஓவியப் போட்டிக்குப் படம் அனுப்பியவர்களுக்கெல்லாம் '413' என்று திரும்பிற்று: என்ஜின்எக்ஸ் நாம் சொல்லாவிட்டால் 1 எம்.பி.-க்கு மேல் வாங்காது, பி.ஹெச்.பி. 2 எம்.பி.-க்கு மேல் வாங்காது. இரண்டிலும் மாற்ற வேண்டும். நம் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக வந்த கதை வேறு. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 2018-ல் வந்த 8.0-க்கு முன்பெல்லாம், சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்துக்கே தயாராக இருந்தது. யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட் எடுக்கும். டேட்டாபேஸை உருவாக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்; கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் பிறகு மீட்க முடியாது. 40 பேரைத் திரும்பப் பதிவு செய்யச் சொன்னோம்.

தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸின் நகல் எடுக்கப்பட்டு, பூட்டப்பட்டு, வேறொரு இடத்துக்குப் போகிறது. அந்த நகல் ஒருபோதும் தளத்தின் ஃபோல்டர் பக்கம் போகாது என்று சொல்லத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி சர்வர் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுப்பிப் பார்க்கிறேன். முதல் தடவை எழுந்திருக்கவில்லை. நகல் எடுத்தவன் பூட்டிய சாவியின் பிரதியை அந்தப் பழைய சர்வரிலேயே மட்டும் வைத்திருந்தான். வேறு யார், நான்தான்.

பக்கத்து ஊர்ச் சங்கத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தளத்தின் பெயரை யார் பேரில் பதிவு செய்கிறீர்கள் என்று முதலிலேயே பாருங்கள். நம்முடையதை மாற்றலாகிப் போன இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தோம். அவர் நல்லவர், தேடிப் பிடித்துக் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார். நம்மில் யார் எந்த வருஷம் எந்த ஊரில் இருப்போம் என்று யாருக்குத் தெரியும்? இப்போது அது சங்கத்தின் பெயரில், செயலாளர், பொருளாளர் இருவரும் பார்க்கும் மின்னஞ்சலில் இருக்கிறது. சர்வர் சாவி என்னிடம் ஒன்று, குழுவில் இன்னொருவரிடம் ஒன்று. எந்த அமைப்பு ஃபைல் எங்கே, எதை எதற்காக மாற்றினேன், சர்வர் விழுந்தால் எந்த வரிசையில் எழுப்புவது, வாடகையும் பெயரும் எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் 80 பக்க நோட்டு ஒன்றில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு எதுவும் அதில் இல்லை. நோட்டு நூலகத்தில் இரண்டாவது பீரோவில், கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பீரோ சாவி பொருளாளரிடம்.